சுங்கை பூலோவில் தில்லை மரம்: காட்டுநடையில் நான் கற்றவை

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரப் பலதுறை மருந்தகத்து மருத்துவர் என் சர்க்கரை அளவு அச்சிட்ட தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்து, தினமும் நடக்க வேண்டும் என்று சொன்னபோது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வீட்டுக்குக் கீழே உள்ள சிறு பூங்காவை இரண்டு வாரம் சுற்றி வந்தேன். மூன்றாம் வாரம் சலித்துவிட்டது. அலுவலகத் தோழியர் இருவர், மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் மரங்களின் உச்சிக்கு இணையாகத் தொங்குபாலம் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்று நினைத்தாலும் கால் கட்டைவிரல் வலிப்பது போலவே இருக்கிறது.

காலை பத்து மணிக்குப் பூங்கா வாசலில் இறங்கினோம். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் பையில் ஆறு கறிபாப் (உள்ளே கறி வைத்துப் பொரித்த பண்டம்), என் காலில் அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்த பழைய காலணி. பாலத்தின் நீளம் 250 மீட்டர் என்று கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான். அந்த 250 மீட்டரை அடையக் காட்டுக்குள் நான்கைந்து கிலோமீட்டர் ஏறி இறங்க வேண்டும் என்பதையும், பாலத்தில் ஒரே திசையில்தான் போக முடியும் என்பதால் சுற்றிக்கொண்டுதான் திரும்ப வேண்டும் என்பதையும், மொத்த நடை பத்து கிலோமீட்டரைத் தாண்டும் என்பதையும் மூவரில் ஒருவரும் விசாரித்திருக்கவில்லை. முதல் அரை மணி நேரத்திலேயே நீண்டவால் குரங்கு ஒன்று மரத்திலிருந்து இறங்கி வந்து, சொந்தப் பையை எடுத்துக்கொள்வதுபோல் நிதானமாக எங்கள் கறிபாப் பையை இழுத்துக்கொண்டு போனது. பாலத்தை அடைந்தபோது தண்ணீர் முடிந்திருந்தது. 2004இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்ற இரு மேடுகளை இணைக்கிறது. ஓரிடத்தில் தரை 25 மீட்டர் கீழே இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் காடு கடல்போல் அலையலையாகத் தெரியும் என்று பிறகு பலமுறை பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்று நான் பார்த்தது எனக்கு முன்னால் போனவரின் முதுகுப்பையை மட்டும்தான். பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே வந்தபோது கால் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அது முழுதாக வளர ஏழு மாதங்கள் ஆயின.

அதன் பிறகு ஓராண்டுக் காலம் காட்டுப் பக்கமே நான் போகவில்லை. திரும்பப் போனதற்குக் காரணம் என் பெரியம்மா.

பெரியம்மா சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் உள்ள கிள்ளையில் பிறந்து வளர்ந்தவர். 1974இல் திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர், பெரியப்பா காலமான பிறகு என்னோடு இருக்கிறார். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு முழங்கால் வலியைவிடப் பெரிய வலி, நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் இருப்பது. தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியர்கள் சுங்கை பூலோவில் மக்களை அழைத்துச் சென்று காட்டும் நடை இருக்கிறது, இலவசம், தூரமும் குறைவு என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். பதிவு செய்ய முயன்றபோது இரண்டு முறை இடம் நிரம்பிவிட்டது. இணையத்தில் பதிவு திறந்த சிறிது நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துவிடுகின்றன என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூன்றாம் முறை திறக்கும் நேரத்தைக் கைப்பேசியில் குறித்து வைத்து இரண்டு இடங்களைப் பிடித்தேன். இடம் கிடைத்த பிறகு வராமல் போகிறவர்கள் உண்டு. அது காத்திருப்பவருக்குச் செய்யும் அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. போக முடியாவிட்டால் முதல் நாளே ரத்து செய்துவிட வேண்டும்.

சுங்கை பூலோவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. தீவின் வடமேற்கு மூலையில் கைவிடப்பட்ட இறால் குட்டைகளும் கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடும் கலந்து கிடந்த நிலம் அது. 1986இல் பறவை ஆர்வலர்கள் சிலர் அங்கே வந்திறங்கும் வலசைப் பறவைகளைக் கண்டு, இதைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்துக்குக் கோரிக்கை வைத்தார்கள். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இயற்கை வனப்பகுதியானது. இறால் வளர்த்த காலத்து மதகு முறையைக் கொண்டே இன்றும் சில குட்டைகளின் நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். சேறு வெளியே தெரிந்தால்தான் பறவை இறங்கித் தின்ன முடியும். அதற்காக இந்த ஏற்பாடு. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா போன்ற வடபுலங்களிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வருகின்றன. அந்த மாதங்களில் போனால் பறவை பார்க்கும் மறைவுக் குடில் ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். ஜூன் மாதம் போய்விட்டு, பறவையே இல்லை என்று குறைபட்டுக்கொண்டு திரும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்; பறவைகளின் நாள்காட்டியை நாம்தான் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

எங்களை அழைத்துச் சென்றவர் பணி ஓய்வு பெற்ற சீன அம்மையார், உயிரியல் கற்பித்தவராம். குழுவில் பதினைந்து பேர் இருந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் நடந்த தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. முதல் பத்து நிமிடம் எனக்குப் பொறுமை இல்லை; இவர் எப்போது நடக்கத் தொடங்குவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மரப்பலகை நடைபாதையின் ஓரத்தில் நின்று, சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருந்த வேர்களைக் காட்டினார். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிறது என்றார். ஓர் இலையைப் பறிக்காமல் அப்படியே திருப்பிக் காட்டினார். அதன்மேல் உப்பு மணல்போலப் படிந்திருந்தது. கடல் நீரைக் குடித்துவிட்டு உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம். மலாயில் இதன் பெயர் அப்பி அப்பி என்று அவர் சொன்னவுடன், அதுவரை பேசாமல் வந்த பெரியம்மா என் கையைப் பிடித்து, "ஏண்டி, இது அலையாத்தி இல்லையா?" என்றார்.

அதன் பிறகு அந்த நடை வேறு நடையாகிவிட்டது. தாங்குகால் ஊன்றி நிற்பதுபோல் வளைந்த வேர்களோடு நின்ற பக்காவ் மரத்தைப் பார்த்து, அது சுரபுன்னை என்றார் பெரியம்மா. நான் மொழிபெயர்த்தேன். வழிகாட்டி தம் சிறு குறிப்பேட்டைத் திறந்துவிட்டார். இன்னும் சற்றுத் தள்ளி ஒரு மரத்தின் முன் அனைவரையும் நிறுத்தி, இதை மட்டும் யாரும் தொடாதீர்கள், கிளையை ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, ஆகவேதான் மலாய்க்காரர்கள் இதற்குப் பூத்தா பூத்தா, அதாவது குருடு, என்று பெயர் வைத்தார்கள் என்று அவர் விளக்கினார். பெரியம்மா அந்த மரத்தையே சிறிது நேரம் பார்த்தார். உதிரப்போகும் இலைகள் சில சிவந்திருந்தன. கைகளைக் கூப்பினார்.

"இது தில்லைடி. சிதம்பரத்துத் தில்லை."

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரம் அடர்ந்த காட்டால் என்பதை நான் பள்ளியில் படித்திருக்கிறேன். கோயிலின் தலமரம் தில்லை என்பதையும் அறிவேன். ஆனால் ஐம்பத்தைந்து வயதுவரை அந்த மரத்தை நான் பார்த்ததில்லை, பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. கிராஞ்சியிலிருந்து சற்றுத் தொலைவில், ஜோகூர் நீரிணைக்கு எதிரே, உப்புச் சேற்றில் அது நின்றுகொண்டிருந்தது. பெரியம்மா தம் ஊரில் விறகுக்குப் போகிறவர்கள் தில்லையை வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுவார்கள் என்றும், 2004இல் ஆழிப்பேரலை வந்தபோது அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்தது என்றும், அதனால்தானே அலையை ஆற்றும் மரம் என்று பெயர் என்றும் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் திக்கித் திணறிச் சொன்னேன். பதினைந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவை அவ்வளவு பேர் கவனித்துக் கேட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆங்கிலம் தெரியாத பெரியவர்களை இப்படிப்பட்ட நடைக்கு அழைத்துப் போவதில் பயனில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. நம் பெரியவர்களில் பலருக்குச் சந்தை மலாய் நன்றாகத் தெரியும். இங்குள்ள வழிகாட்டிகள் பலரும் மரங்களின் மலாய்ப் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். அந்த மலாய்ப் பெயரே பாலம். கெத்தாப்பாங் என்றால் நாட்டு வாதுமை, பெனாகா லாவுட் என்றால் புன்னை, கடலோரப் பாண்டான் என்றால் தாழை. புன்னையும் தாழையும் நெய்தல் நிலத்து மரங்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, அவை கிழக்குக் கடற்கரையிலும் வீட்டுப் பேட்டையிலும் நிற்பதைத் தெரியாமலே கடந்து போகிறோம். இந்த ஊரின் பெயர்களே மரங்களாக இருக்கின்றன: தெம்பினிஸ், செம்பவாங், கிராஞ்சி மூன்றும் மரப் பெயர்களிலிருந்து வந்தவை. நடைக்கு முதல் நாள் இரவு, பார்க்கப் போகும் இடத்தின் பத்து மரங்களின் பெயர்களை மலாயிலும் தமிழிலும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அன்று திரும்பும் வழியில் பெரிய உடும்பு ஒன்று பாதையைக் குறுக்கே கடந்தது; குழுவில் ஓர் இளைஞர் முதலை என்று அலறினார். முதலையும் அங்கே உண்டு, உவர்நீர் முதலை, சில நாள்களில் பாலத்திலிருந்து பார்த்தால் கீழே கட்டைபோல் கிடப்பது தெரியும். பாதையை விட்டு நீர்க்கரைக்கு இறங்காதவரை கவலையில்லை. எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல.

இனி, செலவழித்தும் அடிபட்டும் கற்ற சில விஷயங்கள். காலணிக்கு நான் முதலில் இருநூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கொடுத்தேன்; அது தேவையே இல்லை. இங்குள்ள பாதைகளுக்கு அடிப்பாகத்தில் நல்ல பிடிமானமும், விரலுக்கு முன்னால் அரை விரற்கடை இடமும் உள்ள சாதாரணக் காலணி போதும். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிப்பதால்தான் நகம் கறுக்கிறது. தொலைநோக்கிக்கும் அப்படியே அவசரப்பட வேண்டாம். முதல் ஆறு மாதங்கள் வழிகாட்டிகளிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன், மறுத்தவர் ஒருவரும் இல்லை. தண்ணீரில்தான் சிக்கனம் கூடாது. இரண்டு மணி நேர நடைக்கு ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் தாகம் எடுப்பதற்கு முன்பே உடம்பு வற்றிவிடுகிறது. நான் ஒரு போத்தலில் வெறும் தண்ணீரும், இன்னொன்றில் எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்த தண்ணீரும் எடுத்துப் போகிறேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் சட்டைப் பையிலேயே இரண்டு மிட்டாய் வைத்திருக்க வேண்டும். முதுகுப்பையின் அடியில் வைத்தால் தலைசுற்றும் நேரத்தில் கை அங்கே போகாது. இதையும் அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

குரங்குகளைப் பற்றி நம்மவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஞ்சநேயர் என்று கும்பிட்டு வாழைப்பழம் நீட்டுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டு விலங்குக்கு உணவளிப்பது குற்றம். முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தைவிடப் பெரிய விஷயம், மனிதன் கையில் உணவு இருக்கும் என்று கற்றுக்கொண்ட குரங்கு அடுத்து ஒரு குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கும். பிறகு குற்றம் குரங்கின் தலையில் விழும். பிளாஸ்டிக் பையின் சரசரப்புச் சத்தமே அதற்கு அழைப்புமணி. உணவை மூடிய டப்பாவில் போட்டு, பைக்குள் வைத்து, காட்டுக்கு வெளியே வந்த பிறகு திறக்க வேண்டும். எதிரே குரங்கு வந்தால் பல்லைக் காட்டிச் சிரிக்காமல், கண்ணோடு கண் பார்க்காமல், ஓடாமல் நகர்ந்து போய்விட வேண்டும்.

மழையைப் பற்றி ஒரு காலை நல்ல பாடம் கிடைத்தது. டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் இருபது பேரோடு ஒரு நடை. இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் புக்கிட் தீமாப் பகுதியில் தங்கிப் பூச்சி சேகரித்த கதையை வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதங்களில் எழுநூறு வகை வண்டுகளை அவர் கண்டெடுத்தாராம். சீனத் தொழிலாளர்கள் வெட்டிச் சாய்த்த மரங்கள் மட்கிக் கிடந்ததே அவ்வளவு வண்டுகள் கிடைக்கக் காரணம். புலியைப் பிடிக்கத் தோண்டிக் குச்சியும் இலையும் போட்டு மூடிய குழிகளுக்குப் பயந்துகொண்டே அவர் அங்கே நடந்திருக்கிறார். கதை சுவையாகப் போய்க்கொண்டிருந்தபோது தூரத்தில் ஓர் இடி. வழிகாட்டி கைப்பேசியைப் பார்த்தார். நடை இத்துடன் முடிகிறது, அனைவரும் கட்டடத்துக்குத் திரும்புங்கள் என்றார். மழைத்துளி ஒன்றுகூட விழவில்லையே என்று ஒருவர் சண்டைக்குப் போனார். நானும் மனத்துக்குள் அவர் பக்கம்தான். பதினைந்து நிமிடத்தில் வானம் இருண்டு, நாங்கள் நின்றிருந்த இடத்துப் பக்கமிருந்து கண் கூசும்படி மின்னியது. இந்த ஊரில் ஆண்டுக்கு 150 நாள்களுக்கும் மேல் இடி இடிக்கிறது. அதிகாலையில் மேற்கிலிருந்து வரும் சுமத்ரா காற்று சில நிமிடங்களில் வந்து சேரும். புறப்படுவதற்கு முன்பும், நடையின் நடுவிலும், தேசிய சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் அடுத்த இரண்டு மணி நேர முன்னறிவிப்பைப் பார்க்க இப்போது எனக்குச் சோம்பல் வருவதில்லை. மரத்தடி மழைக்கு ஒதுங்கும் இடமாக இருக்கலாம், மின்னலுக்கு அது மிக மோசமான இடம்.

நல்ல நடையையும் மோசமான நடையையும் பிரித்தறிய எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது: குழுவில் எத்தனை பேர் என்று முதலில் கேட்பேன். ஒருமுறை தனியார் ஏற்பாட்டாளர் ஒருவரிடம் கட்டணம் செலுத்திப் போனேன். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள், வழிகாட்டி இடுப்பில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார். பறவையை வரவழைக்க அதன் குரலைப் பதிவுசெய்து கைப்பேசியில் மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டார். பறவை வந்தது உண்மைதான். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணிப் பதறி வந்தது. கூட்டில் குஞ்சு இருக்கும் பறவையாக இருந்தால் அந்த அலைச்சல் எவ்வளவு வீண் என்று பிறகு ஒரு தொண்டூழியர் விளக்கியபோது, பணம் கொடுத்து அதைப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. கட்டணம் வாங்குவதாலேயே மோசம் என்று சொல்ல வரவில்லை. பதினைந்து பேருக்கு மேல் போனால் பின்வரிசையில் நிற்பவருக்கு முதுகுகள்தான் காட்சி. நான் மெக்ரிட்சியில் ஏற்கெனவே அதைப் பார்த்துவிட்டேன். குழு பெரிதாகிவிட்டால் வழிகாட்டிக்கு அடுத்து நிற்க வேண்டும், நடுவில் அல்ல. கைப்பேசியின் ஒலியை நிறுத்திவிட வேண்டும். வாசனைத் திரவியம் வேண்டாம். கொசு விரட்டும் தைலம் கட்டாயம் வேண்டும்.

முதன்முறை போகிறவர்கள் எங்கே தொடங்கலாம் என்று என்னிடம் கேட்டால், புக்கிட் தீமாக் குன்றைச் சொல்ல மாட்டேன். எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். 163 மீட்டர்தானே என்று எண்ணி, செங்குத்தான தார்ச்சாலையில் மூச்சிரைக்க ஏறி, உச்சியில் உள்ள கல்லோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தீவின் மிகப் பழைய காடு இரு பக்கமும் நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. அப்பர் தாம்சன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய வின்சர் இயற்கைப் பூங்கா, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நல்ல தொடக்கம். ஓடையை ஒட்டிய மரப்பலகைப் பாதையில் தும்பிகளைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம். தாம்சன் இயற்கைப் பூங்காவில் பழைய ஹைனானியக் கிராமத்தின் படிக்கட்டுகளும் சுவர்களும் கொடிகளுக்குள் மிச்சமிருக்கின்றன. டுரியான் காலத்தில் அங்கே தரையில் பழம் கிடக்கும். எடுப்பது குற்றம் என்பதைப் பெரியம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு முழு நடை ஆயிற்று. "விழுந்த பழந்தானே, மரத்திலிருந்தா பறிச்சேன்?" என்ற அவருடைய கேள்விக்கு, அது விலங்குகளின் உணவு என்ற பதிலைவிட, தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்ற பதிலே வேலை செய்தது.

பழைய ரயில் பாதையும் வயதானவர்களுக்கு ஏற்றது. தண்டவாளம் ஓடிய இடம் என்பதால் ஏற்ற இறக்கமே இல்லை. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகாருக்கு மலாயா ரயில் வருவது நின்றது. அந்த 24 கிலோமீட்டரில் பெரும்பகுதி இப்போது நடைபாதை. ரயில்வேயில் வேலை செய்த தமிழர்கள் எத்தனை பேர்! இன்று காமன்வெல்த்தில் கோபுரத்தோடு நிற்கும் முனீஸ்வரன் ஆலயம், குவீன்ஸ்வே பக்கம் தண்டவாள ஓரத்தில் ரயில் தொழிலாளர்கள் கும்பிட்ட சிறு சன்னிதியாகத் தொடங்கியது. பெரியப்பாவின் நண்பர்கள் இருவர் ரயில்வேயில் வேலை செய்தவர்கள். புக்கிட் தீமா ரயில் நிலையத்தின் பழைய மேடையில் உட்கார்ந்து பெரியம்மா அவர்கள் கதையைச் சொன்னார். பாதையோரத்துத் தொட்டாற்சிணுங்கியைக் கைத்தடியால் தொட்டுத் தொட்டு மூடவைப்பதும் அவருக்கு அன்று முக்கிய வேலையாக இருந்தது. நிழல் குறைவு என்பது மட்டுமே அந்தப் பாதையின் குறை. காலை ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாகத் திட்டமிட வேண்டிய இடம் புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா. கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புக்காகக் குறிக்கப்பட்டிருந்த கரை அது; அங்கே வாழும் உயிர்களைப் பார்க்க மக்கள் திரண்டு போனதும், ஆர்வலர்கள் பட்டியலிட்டு எடுத்துரைத்ததும் சேர்ந்து, 2001 இறுதியில் அந்த முடிவு ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் 1.1 கிலோமீட்டர் நீள நடைபாதை திறந்தார்கள். நான் முதல்முறை போனபோது கடல் நடைபாதைக்குக் கீழே முழுவதும் நீர் நிறைந்திருந்தது. தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். "கடல் வத்துற நேரம் பார்க்காம யாராவது கழிமுகத்துக்குப் போவாங்களா?" என்று பெரியம்மா கேட்டார். கிள்ளையில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தை அட்டவணையில் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில்தான் கடல் நன்றாக வற்றும். எனவே அட்டவணையைத் தேடுவதற்கு முன் வீட்டு நாள்காட்டியில் திதியைப் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாம் முறை அப்படிப் போனபோது மணல்திட்டு முழுவதும் வெளியே கிடந்தது. ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக உள்ள சிறு நண்டுகள் அதைத் தூக்கித் தூக்கி யாரையோ கூப்பிடுவதுபோல் அசைத்துக்கொண்டிருந்தன. பெட்டைகளைக் கூப்பிடுகின்றன என்றார் வழிகாட்டி. பெரியம்மா தம் கையை அதேபோல் அசைத்துக் காட்டி, முன்வரிசையில் நின்ற இரண்டு சிறுவர்களை விழுந்து விழுந்து சிரிக்கவைத்தார்.

என் சர்க்கரை அளவு இப்போது எவ்வளவு என்று கேட்பார்கள். குறைந்திருக்கிறது, மாத்திரையும் தொடர்கிறது, எது எந்த அளவுக்குக் காரணம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மாதம் இரண்டு நடை, அதில் ஒன்றாவது பழைய இடம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். சுங்கை பூலோவுக்கு மட்டும் பதினோரு முறை போயிருக்கிறோம். அந்த வழிகாட்டி அம்மையார் இப்போது தில்லை மரத்தருகே வந்ததும் பூத்தா பூத்தா என்பதோடு தில்லை என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறார். ளகரமா லகரமா என்பதில் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கிறது, பெரியம்மா ஒவ்வொரு முறையும் திருத்துகிறார்.

டிசம்பர் பௌர்ணமியை ஒட்டி ஒரு சனிக்கிழமை மாலை செக் ஜாவாவுக்குப் போக இருக்கிறோம். ஆறு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள் என்பதால் சாங்கியில் இரண்டு மணிக்கே படகு ஏற வேண்டும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகுக்காரர் புறப்படுவார். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மாலையில் உட்காரும் பாட்டிகள் நால்வரை பெரியம்மா ஏற்கெனவே சேர்த்துவிட்டார், என் பழைய தோழியர் இருவரும் வருகிறார்கள், கறிபாப் கொண்டுவரக் கூடாது என்று அவர்களிடம் சொல்லியாகிவிட்டது. இன்னும் நான்கு பேர் வேண்டும்.